பழைய தெருவில் வீடு வாங்கப்போறீங்களா? அக்கா, தங்கச்சி கையெழுத்து இருக்கான்னு முதல்ல பாருங்க!

போடிநாயக்கனூருக்கு 1928-ல் வந்த ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2011 தொடக்கத்தில் நின்றுபோனது. 2022 மே மாதம் தேனி வரை திரும்பி வந்தது. 2023 ஜூன் 15 அன்று போடிக்கே வந்து சேர்ந்தது. இப்போது சென்னையில் ராத்திரி ஏறினால் காலையில் போடி. இந்த வசதி வந்ததும் பல வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கியிருக்கிறது. "ஊர்லயே ஒரு வீடு வாங்கிப் போட்டுருவோமா?"

ஊருக்கு வெளியே புது பிளாட்டுகள் நிறைய இருக்கின்றன. ஆனால், சிலருக்கு மனசு பழைய தெருக்களில்தான் நிற்கும். ஜமீன் அரண்மனை, ஏலக்காய் வியாபாரத்தில் வளர்ந்த பஜார், அதை ஒட்டி நெருக்கமான தெருக்கள். பெரியகுளத்தில் வராக நதியின் இரு கரைகளிலும், உத்தமபாளையத்திலும், கம்பத்திலும் இதே மாதிரி தெருக்களைப் பார்க்கலாம். திண்ணை, முற்றம், தேக்குத் தூண், சுண்ணாம்புக் காரைச் சுவர். கோயில், பள்ளிவாசல், காய்கறிக் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் நடந்து போகிற தூரம். வயதான பெற்றோருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனால், பிளாட் வாங்குவதும் பழைய தெருவில் வீடு வாங்குவதும் ஒன்றல்ல. பிளாட்டில் மண்ணை மட்டும் விசாரித்தால் போதும். பழைய வீட்டில் ஒரு குடும்பத்தையே விசாரிக்க வேண்டும்.

எட்டுக் கையெழுத்துக் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பாட்டியும் பிறகு இறந்துவிட்டார். அவர்களுக்கு 2 மகன்கள், 3 மகள்கள். வீட்டில் மூத்த மகன் குடியிருக்கிறார். வரி ரசீதும் மின் இணைப்பும் அவர் பெயரில் இருக்கின்றன. விற்க வருவதும் அவர்தான். இவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமா?

போதாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 5 பிள்ளைகளுக்கும் சமமாக ஐந்தில் ஒரு பங்கு. பெற்றோருக்குப் பிறகு இளைய மகன் இறந்திருந்தால், அவருடைய மனைவியும் 2 பிள்ளைகளும் வருவார்கள். ஒரு மகள் இறந்திருந்தால், அவருடைய கணவரும் ஒரே மகனும் வருவார்கள். ஆக மூத்த மகன், 2 மகள்கள், மருமகள், பேரப்பிள்ளைகள் 3 பேர், மருமகன். மொத்தம் 8 கையெழுத்து. இவர்களில் ஒருவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதியும் வேண்டும்.

"அக்கா எல்லாம் ஒண்ணும் கேக்காதுண்ணே, கட்டிக் குடுத்து முப்பது வருசமாச்சு" என்று விற்பவர் சொல்வார். பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படி நம்புகிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மகள்களின் பங்கு: எந்த ஆண்டு, என்ன மாற்றம்?

'1989-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது' என்ற பேச்சை எல்லா ஊரிலும் கேட்கலாம். இதில் பாதிதான் உண்மை, அதுவும் பழைய உண்மை.

அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கு 1956-ம் ஆண்டுச் சட்டத்திலேயே மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. அவருக்கு எப்போது கல்யாணம் ஆனது என்பது இதில் கணக்கே இல்லை.

1989 என்பது பூர்வீகச் சொத்து பற்றியது. அந்த ஆண்டு மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்குச் சம உரிமை வந்தது. ஆனால், அதற்கு முன் திருமணமானவர்களுக்குக் கிடையாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று அமலுக்கு வந்த மத்திய அரசின் சட்டத் திருத்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவு செய்து பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது.

குடியிருக்கும் வீட்டைப் பற்றித் தனியாக இன்னொரு விதியும் இருந்தது. ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை, மகள்கள் அந்த வீட்டைப் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. அந்தப் பிரிவும் 2005-ல் நீக்கப்பட்டுவிட்டது.

இது இந்துக் குடும்பங்களுக்கான சட்டம். கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் குடும்பங்களில் ஷரியத் முறைப்படி மகனுடைய பங்கில் பாதி மகளுக்கு உண்டு. அளவு மாறுமே தவிர, மகள் கையெழுத்து இல்லாமல் எந்த வீட்டிலும் விற்பனை முழுமையாகாது.

பட்டுச்சேலையும் பத்தாயிரமும்

பதிவு நாளன்று அக்காவை வரவழைத்து, ஒரு பட்டுச்சேலையும் பத்தாயிரம் ரூபாயும் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புவது நம் பக்கம் நடப்பதுதான். வீடு என்ன விலைக்குப் போகிறது என்று அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு தெரியவரும்போது மனம் கசந்து, சில குடும்பங்களில் அது வழக்காகவும் மாறும். நோட்டீஸ் வருவது அண்ணனுக்கு மட்டுமல்ல, வீட்டை வாங்கியவருக்கும்தான். கடன் வாங்கிப் பணம் கட்டிய வீட்டின் மீது வழக்கு நடந்தால் அதை விற்கவும் முடியாது, நிம்மதியாக மராமத்து பார்க்கவும் முடியாது.

அதனால், விலை பேசும்போதே எல்லாப் பங்குதாரர்களையும் நேரில் பாருங்கள். பேசிய விலையை எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒவ்வொருவர் பங்கையும் அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்தி, அந்த விவரத்தைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வீடு வாங்க வருபவர் 'அக்காவுக்கு எவ்வளவு கொடுக்குறீங்க?' என்று கேட்பது அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுவது ஆகாது. அந்தப் பெண்ணின் உரிமைக்கும் உங்கள் பணத்துக்கும் ஒரே காவல் அதுதான்.

மகள்கள் தங்கள் பங்கைச் சகோதரருக்கே விட்டுக்கொடுக்க விரும்பினால், அதைப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமாக எழுத வேண்டும். வாய்ச்சொல் போதாது.

'என் பங்கை மட்டும் வாங்கிக்குங்க, மத்தவங்களை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒருவர் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து அங்கே குடியிருக்க உரிமை கோர முடியாது என்கிறது 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம்.

காகிதத்தில் தெரியாதவை

'வில்லங்கச் சான்று பார்த்துட்டோம், சுத்தமா இருக்கு' என்று திருப்தி அடைபவர்கள் உண்டு. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். யார் இறந்தார், யார் வாரிசு, பதிவு செய்யாத உயில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது. இணையத்தில் 1975 முதலான விவரங்களைப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அதோடு தாய்ப்பத்திரத்தின் அசல், இறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வெளியூரில் இருப்பவருக்காகப் பவர் பத்திரத்தோடு ஒருவர் வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துவிடும்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னொரு கேள்வியும் அவசியம். அடிமனை யாருடையது? கட்டடம் குடும்பத்துக்கும், மண் கோயிலுக்கும் சொந்தமாக இருக்கலாம். கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. வக்ஃபு நிலத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கூட்டுச்சுவரும் பக்கத்து வீடும்

பழைய பத்திரங்களில் 'கீழ்மேல் 18 அடி, தென்வடல் 62 அடி' என்று அளவு இருக்கும். பெருக்கினால் 1,116 சதுர அடி, இரண்டரை செண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பக்கத்து வீட்டோடு கூட்டுச்சுவர் இருந்தால், அதை உங்கள் விருப்பப்படி இடிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் முடுக்கு வழியாக 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையோடு நடந்து வந்திருந்தால், அந்த வழியில் அவருக்கு உரிமை ஏற்பட்டிருக்கலாம். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இதே விதிதான். ஆகவே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பத்திரத்தில் இல்லாத பாதி விஷயம் அங்கே தெரிந்துவிடும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் எண்ணம் இருந்தால், முதலில் நகராட்சியில் கேளுங்கள். 2019-ம் ஆண்டுக் கட்டட விதிகளில் தெருவின் அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடம் எல்லாம் உண்டு. தொடர் கட்டடப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட தெருக்களில் பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லை. உங்கள் தெரு அந்த வகையில் இல்லையென்றால், 18 அடி அகல மனையில் பக்கங்களில் விட்டது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். சில வீடுகளைப் பழுதுபார்த்துக் குடியிருப்பதுதான் லாபம். அப்படிப் பழுதுபார்க்கும்போது காரைச் சுவர் மேல் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் கெடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

பணக் கணக்கு

பேசிய விலை தவிர, முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் ஆகும். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறையும். கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸை வங்கி மூலம் மட்டும் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், விற்பவர் காட்டும் வக்கீலைத் தவிர்த்து, உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலிடம் சட்டக் கருத்து வாங்கிவிடுங்கள்.

பழைய தெருவில் வீடு வாங்கினால் நல்லது கெட்டதுக்கு ஓடி வருகிற மனிதர்களும் கூடவே கிடைப்பார்கள். அந்த வீட்டில் பிறந்து, வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் என்றாவது ஒருநாள் அந்தத் தெரு வழியாகத் திருவிழாவுக்கு வருவார்கள். அப்போது, "நாங்க பொறந்த வீடு இது, உள்ள வந்து ஒருதடவை பார்த்துக்கிறோம்" என்று அவர்கள் சிரித்த முகத்தோடு கேட்கும்படி அந்த வீட்டை வாங்குங்கள்.