வளையம் வெட்டுற இடம்

போன மாதக் கூட்டத்தில ஒரு தோழர் என்னைக் கேட்டா: "அமெரிக்க இராணுவத்தின்ர கழிவுச் சாமானை வித்துக் காசு பார்க்கிற கராஜில நீர் எப்பிடி வேலை செய்யலாம்?" அண்டைக்கு நான் வாயே திறக்கேல்லை. கோபம் ஒண்டுமில்லை, பதில் நீளமாயிருந்தது. அதை இஞ்ச எழுதுறன்.

முதல்ல வேலை என்ன எண்டு சொல்லிவிடுறன். ஹம்வீ வாகனத்தின் சில்லு ஒரே துண்டு இல்லை. இரண்டு பாதிகளைச் சுற்றிவரப் போல்ற் போட்டு இறுக்கி மூடுவது. உள்ளே, ரயருக்குள், தடிச்ச றப்பர் வளையம் ஒன்று இருக்கும். குண்டு பட்டுக் காத்துப் போனாலும் வாகனம் அந்த வளையத்தில குந்திக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடித் தப்பலாம். அதே வளையம் ரயரின் இரண்டு விளிம்பையும் றிம்மோடு நெருக்கிப் பிடிச்சும் வைக்கும். கல்லு, மணல், சேறு எண்டு வார இறுதியில ஜீப் ஓட்டப் போற ஆக்களுக்கு இந்த இரண்டாவதுதான் தேவை. பிடிப்புக்காக அவை ரயரில் காத்தைக் குறைப்பினம். காத்துக் குறைஞ்சால் ரயர் றிம்மை விட்டுக் கழரப் பார்க்கும், வளையம் விடாது. ஆனா முழு வளையம் சரியான பாரம். அதனால வெட்டிச் சிறுப்பிக்கக் கேட்பினம். அகலத்தில கை வைக்கிறதெண்டால் அளவு பிழைக்கக் கூடாது. கூடினால் சில்லு மூடாது, குறைஞ்சால் விளிம்பு நிக்காது.

இந்த றப்பரை வெட்டிப் பார்த்தவைக்குத்தான் தெரியும். மரம் மாதிரி வழிவிடாது. வாள் போகப் போக வெட்டு திரும்ப மூடி அலகைக் கவ்வும். சூடு வெளியே போக இடமில்லாமல் புகை வரும், அந்த மணம் இரண்டு நாளைக்குத் தலைமயிரில நிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கின றப்பரை உருக்கித் திரும்ப வார்க்கவும் ஏலாது, வெட்டித்தான் ஆகவேணும். பெரிய பல்லு வைச்ச அலகு, சவர்க்காரத் தண்ணி, வெட்டைத் திறந்து வைக்க ஒரு மர ஆப்பு. வளையத்தை மேசையோட இறுக்கிப் பூட்ட வேணும். அவசரப்படக் கூடாது. ஆனா எங்கட இடத்தில கூலி வளையக் கணக்குக்கு. அவசரப்படாமல் எப்பிடி?

(சில்லைப் பிரிக்க முதல் காத்தை முழுக்க இறக்க வேணும். இறக்காமல் நட்டைக் கழட்டினால் பாதிச் சில்லு பறந்து வரும், அது ஆளைக் கொல்லும். இதை எனக்குச் சொல்லித் தந்தது முதலாளி இல்லை, பக்கத்தில நிண்ட பொடியன்.)

அந்தப் பொடியனுக்குத்தான் மாசியில கை வெட்டுப்பட்டது. பூட்டாமல் முழங்காலால அமத்திப் பிடிச்ச வளையம் துள்ளினது. இடது கையில பெருவிரலுக்குக் கீழ. கிளினிக்குக்குக் கொண்டுபோனது நான். "வீட்டில நடந்தது எண்டு சொல்லுங்கோ" எண்டு முதலாளி சொல்லிவிட்டார். அவன் அப்பிடியே சொன்னான். நான் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தன்.

அவன் மாணவர் விசாவில வந்தவன். படிப்புக் காலத்தில கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். வாடகைக்கும் கட்டணத்துக்கும் அது காணாது, மிச்சத்தைக் கையில காசு வாங்கிச் செய்யிறான். அதனால தனக்கு ஒரு உரிமையும் இல்லை எண்டு நினைக்கிறான். ஒன்ராறியோவில ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிலாளிக்குச் சட்ட உரிமை இருக்கு, மறுத்ததுக்காகத் தண்டிக்கக் கூடாது. வேலைத்தள விபத்துக் காப்புறுதிக்கு முதலாளி பதியாமல் விட்டாலும் காயப்பட்டவர் கோரலாம். இதெல்லாம் ஆங்கிலத்தில இருக்கு. தமிழில ஆர் போய் அவனுக்குச் சொன்னது? நாங்கள் தமிழில என்னத்தைத் தந்தனாங்கள்? றப்பர் எண்டதும் மலையகம், மலாயா, பால்வெட்டு எண்டு அழகான பதாகை செய்தனாங்கள். அந்த வரலாறு தேவை, நான் மறுக்கேல்லை. ஆனா 40 நிமிடம் கார் ஓடினால் வாற இடத்தில றப்பர் வெட்டுற தமிழ்க் கை எங்கட பதாகையில இல்லை.

தோழரின் கேள்வி பிழையான கேள்வி இல்லை. போருக்குச் செய்த சாமான் பொழுதுபோக்காக மாறுறது எனக்கும் உறுத்துது. ஆனா அந்தச் சாமானைத் தொடாமல் விலகி நிண்டால் என்ர கை சுத்தமாகும், அவ்வளவுதான். வளையம் வெட்டப்படும், நான் நிண்ட இடத்தில இன்னொரு மாணவன் நிப்பான். நான் வெட்கப்பட வேண்டியது அங்க வேலை செய்ததுக்கில்லை, கிளினிக்கில வாயை மூடிக்கொண்டு இருந்ததுக்கு.

இப்ப நடக்கிறது இதுதான். விபத்து நடந்து 6 மாதத்துக்குள்ள கோரிக்கை போட வேணும். அவனுக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கு. கிளினிக் பதிவில "வீட்டில" எண்டு கிடக்கிறதால சாட்சி தேவை. நான் எழுதிக் கையெழுத்து வைச்சிட்டன். போடுறதா விடுறதா எண்டு முடிவெடுக்கிறது அவன், ஏனெண்டால் விசா அவன்ர. அதுக்கு முதல் தொழிலாளர் சட்ட உதவி நிலையத்துக்குப் போறம். மொழிபெயர்க்க நான் இருக்கிறன், ஆனா அங்க வேலை செய்யிற இன்னும் மூன்று பேருக்கும் இதே படிவங்களைத் தமிழில விளங்கப்படுத்த வேணும். புதன்கிழமை பின்னேரம் ரண்டு பேர் வரேலுமெண்டால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. கேள்வி கேட்ட தோழரும் வந்தால் நல்லம், அவவின்ர எழுத்துத் தமிழ் என்ரதை விட நல்லது.