பத்தாயிரம் லூமன், விலை 899!

கரையாம்புத்தூரிலிருந்து ஒரு இளைஞர் கடிதம் போட்டிருக்கிறார். வில்லியனூரில் ஒரு ஆபீசில் கணக்கெழுதுகிற வேலை. சனி, ஞாயிறு வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா கற்றுக்கொள்கிறார். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிற சமாசாரம். பகல் டைவ் எல்லாம் முடித்தாயிற்றாம். அடுத்தது இரவு டைவ். அதற்குக் கையில் பிடிக்கிற எல்.இ.டி. டார்ச் வேண்டும். பட்ஜெட் மூவாயிரம்.

செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்தாராம். 10,000 லூமன் வெளிச்சம், வாட்டர்ப்ரூஃப், 9,900 எம்.ஏ.ஹெச். பேட்டரி, விலை 899. 'வாங்கலாமா சார்? நடுவுல அப்பா வேற, ஏரியைத் தாண்டாத குடும்பத்துல உனக்கு எதுக்குடா கடல் டார்ச்சுன்னு கேக்கறார். என்ன பதில் சொல்றது?'

இரண்டு கேள்வி. அப்பாவுடையது கஷ்டமான கேள்வி, அதனால் கடைசியில். 899-ஐ முதலில் கவனிப்போம்.

கடலுக்குள் டார்ச் எதற்கு? இரவில் இருட்டு, சரி. பகலிலும் வேலை இருக்கிறது. தண்ணீர் சூரிய வெளிச்சத்தில் முதலில் விழுங்குவது சிவப்பை. பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு ஏறக்குறைய காலி. இன்னும் கீழே விரலில் அடிபட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். (தமிழ் சினிமா வில்லன்கள் யாரும் ஸ்கூபா பழகாததற்கு இதுதான் காரணமோ என்னவோ.) நம்ம திருவானைக்காவல் சி.வி.ராமன் 1921-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய் வந்தபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் பிரதிபிம்பம் மட்டும் இல்லை, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அந்த யோசனை வளர்ந்து 1930-ல் நோபல் பரிசில் போய் நின்றது. ஆக, ஆழத்தில் எல்லாமே ஒரு நீலச் சாம்பல். பக்கத்தில் டார்ச்சை அடித்தால்தான் பாறை இடுக்கில் இருக்கும் மீன் சிவப்பா, மஞ்சளா என்பதே தெரியும்.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். நீங்கள் கணக்கெழுதுகிறவர், ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். இந்த மாதிரிக் கை டார்ச்சுகளில் பெரும்பாலும் போடுவது 18650 என்கிற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அளவு. நல்ல கம்பெனி செல்லில் அதிகபட்சம் சுமார் 3,500 எம்.ஏ.ஹெச்.தான் அடைக்க முடிகிறது. 9,900 என்று போட்டிருந்தால் அது கப்சா. மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். சந்தேகமிருந்தால் நிறுத்துப் பாருங்கள். அசல் செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும். போலி, பஞ்சுமிட்டாய் மாதிரி கையிலேயே லேசாக இருக்கும்.

செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட். 3.5-ஆல் பெருக்கினால் சுமார் 13 வாட்-மணி. இதுதான் டேங்க்கில் இருக்கிற மொத்தப் பெட்ரோல். எல்.இ.டி. டார்ச் ஒரு வாட்டுக்கு நூறு லூமன் கொடுக்கிறது என்று ரவுண்டாக வைத்துக்கொள்ளலாம். 10,000 லூமன் வேண்டுமென்றால் நூறு வாட். அந்தக் காலத்துக் குண்டு பல்ப் குடித்த மின்சாரம்! 13-ஐ நூறால் வகுத்தால் எட்டு நிமிஷம். அதற்கும் செல் சம்மதிக்காது, சூட்டில் முனகும். ஒரு டைவ் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். மீதி நேரம் கடலுக்கடியில் என்ன செய்வதாக உத்தேசம்? கந்தர் சஷ்டி கவசம் சொல்லலாம், வாயில் குழாய் இருப்பதால் மனசுக்குள்.

அதே செல்லில் 1,000 லூமன் என்றால்? பத்து வாட். ஒரு மணிக்குக் கொஞ்சம் கூடவே எரியும். அதனால்தான் நேர்மையான ஒற்றை செல் டார்ச்சில் ஆயிரத்தை ஒட்டிய எண்தான் இருக்கும். பெட்டியில் இருக்கிற பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல், அந்த எண்ணில் எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். முதல் ஐந்து நிமிஷம் மாப்பிள்ளை மாதிரி ஜொலித்துவிட்டு, அப்புறம் சத்தமில்லாமல் பாதியாகக் குறைகிற டார்ச்சுகளும் உண்டு.

அடுத்தது தண்ணீர். பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் போட்டிருந்தால் அது மழைக்கு. 'ஐ.பி.எக்ஸ் 7' என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி. '8' என்றால் ஒரு மீட்டருக்கு மேல், ஆனால் எவ்வளவு மேல் என்பது தயாரித்தவர் இஷ்டம். டைவ் டார்ச்சில் ஆழம் மீட்டரில் எழுதியிருக்க வேண்டும். ஸ்கூபாவில் முதல் சர்ட்டிபிகேட்டுக்கு 18 மீட்டர் வரை அனுமதி. அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் தண்ணீர் மட்டும் 1.8 கிலோ அழுத்துகிறது. நாலு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள டார்ச் கண்ணாடி என்றால் மொத்தம் 23 கிலோ சொச்சம். கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசியைத் தூக்கி டார்ச் முகத்தில் வைத்த மாதிரி. ராத்திரி பூராவும்.

அந்த சிப்பத்தைத் தடுத்து நிறுத்துவது எது? கண்ணாடியும் அலுமினிய உடம்பும் பாரத்தைத் தாங்கும். தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது ஒரு ரப்பர் வளையம். ஓரிங். உங்கள் ஊர் போர்வெல் மோட்டார் மெக்கானிக்கைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவார். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் அதில் ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். மூடியில் ஒரு வளையத்துக்குப் பதில் இரண்டு இருந்தால் விசேஷம். டைவுக்கு முன் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவ வேண்டும். தேங்காயெண்ணெய் கூடாது. சுவிட்சும் முக்கியம். தலையைத் திருகி அணைக்கிற ரகத்தில், ஆழத்தில் ஒரு சுற்று அதிகமாகத் திருகினால் கடலுக்குக் கதவு திறந்த மாதிரி. காந்தத்தால் வேலை செய்கிற சுவிட்ச் என்றால் உடம்பில் ஓட்டையே கிடையாது. தண்ணீர் புகுந்த லித்தியம் செல் வெடிக்கலாம். அப்படிப்பட்ட டார்ச்சை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதீர்கள்.

மூன்றாவது, ஒளியின் அகலம். மார்கழி விடியற்காலையில் விழுப்புரம் ரோட்டில் பனி மூட்டத்தில் ஹை-பீம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். நம்ம வங்கக்கடலும் அப்படித்தான், மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் மிதக்கும். அகலமாகப் பரப்புகிற டார்ச், வீடியோ எடுக்கிறவர்களுக்கு. நமக்கு ஒடுக்கமான கற்றை, பத்து டிகிரிக்குள் இருந்தால் போதும். கலங்கிய தண்ணீரை அதுதான் ஊடுருவும்.

அந்தக் கற்றைக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. தண்ணீருக்குள் பேச முடியாது. ராத்திரியில் டார்ச்தான் வாய். தரையில் மெதுவாக ஒரு வட்டம் போட்டால் 'நான் சௌக்கியம்'. இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினால் 'ஆபத்து, இங்கே பார்'. டார்ச் அணைந்தவர் இருட்டில் இருப்பது மட்டுமில்லை, ஊமையாகவும் ஆகிவிடுகிறார். ஜோடியாக இறங்கியவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதே தெரியாது. அதனால்தான் இரவு டைவுக்கு ஆளுக்கு இரண்டு டார்ச் என்பது விதி. ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

இங்கேதான் உங்கள் மூவாயிரத்துக்கு என் யோசனை. எல்லோரும் முதலில் பெரியதை வாங்கி, சின்னதை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். பெரியதை, கற்றுத்தருகிற இடத்திலேயே இரண்டு மூன்று டைவுக்கு வாடகைக்குக் கேளுங்கள். உங்கள் காசில் முதலில் வாங்க வேண்டியது சின்னது. முன்னூறு லூமன் போதும், ஆழம் மீட்டரில் போட்டிருக்க வேண்டும், மணிக்கட்டில் மாட்டக் கயிறு வேண்டும். பெரியது கழுத்தறுக்கிற நிமிஷத்தில் உங்களை மேலே கொண்டுவருவது அதுதான். பகல் டைவிலும் பாறை இடுக்கைப் பார்க்க உதவும். வாடகை டார்ச்சில் பழகியபின், உங்களுக்கு எது தோதுப்படும் என்று தெரிந்துவிடும். அதற்குள் போனஸும் வந்துவிடும். வாங்கினதும் படகில் நின்று எரியவிட்டு ஜம்பம் அடிக்காதீர்கள். பல டைவ் டார்ச்சுகளுக்குத் தண்ணீர்தான் ரேடியேட்டர், வெளியில் எரிந்தால் சூடாகிப் பாழாகும்.

இனி அப்பா. 'கடல்' என்று ஆரம்பித்தால் தோற்றுப்போவீர்கள். 2024-ஐ ஆரம்பியுங்கள். நவம்பர் 30-ம் தேதி ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர், தென்பெண்ணையில் பெருவெள்ளமாகி பாகூர் பக்கத்து கிராமங்களுக்குள் புகுந்தது. அந்த மாதிரி ஒரு ராத்திரியில், கரண்ட் இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் மாட்டை அவிழ்க்கப் போகிறவர் கையிலிருந்து சாதா டார்ச் நழுவி விழுந்தால் அதோடு சரி. இது விழுந்தால் தண்ணீருக்கடியில் எரிந்துகொண்டே கிடக்கும். குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் சொல்லுங்கள். சின்ன டார்ச்சுக்கு அனுமதி நிச்சயம். அப்புறம் அது உங்கள் கைக்குத் திரும்பி வருமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.