முள்ளைத் தள்ளினால் விடியுமா?

கடிகார முள்ளை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டால் மின்சாரம் மிச்சமாகும், மாலை வெளிச்சம் கூடும், வேலை முடிந்து திரும்பும் தகப்பன் பிள்ளைகளோடு சற்று நேரம் களித்திருக்கலாம் என்று மேல்நாட்டு வழக்கத்தைச் சுட்டிப் பேசுவோரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அந்த நம்பிக்கை நம் குடும்பங்களுக்குக் கேடு என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

லண்டனில் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. குளிர்காலத்தில் 8 மணிக்கும் குறைகிறது. ஜனங்கள் உறங்குகையில் வீணாகும் விடியல் வெளிச்சத்தை அங்கே மாலைக்கு மாற்றுவதில் நியாயம் உண்டு. பம்பாயிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் இரண்டேகால் மணிதான். அன்றியும், 1906-இல் வந்த இந்திய நேரம் இந்நகரத்தின் சூரிய நேரத்துக்கு 39 நிமிஷம் முந்தியே ஓடுகிறது. யுத்தகாலத்தில், 1942 முதல் 1945 வரை, அதற்கும் மேல் ஒரு மணி தள்ளினார்கள். ஜனவரியில் சூரியன் உதிக்கையில் கடிகாரம் எட்டேகால் காட்டிற்று.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்தில் காலை ஐந்துக்குக் குழாயில் தண்ணீர் வரும். "அக்கா, தண்ணி வந்திருச்சு" என்ற குரல் கேட்டதும் எழுந்து, குடம் குடமாகச் சுமந்து டிரம்மை நிரப்பி, புருஷனுக்கு டப்பா கட்டி, ஏழு மணிப் பள்ளிக்கு மகளின் தலையைப் பின்னி அனுப்பும் தாய்க்கு, முள்ளைத் தள்ளிய மறுநாள் அந்த ஐந்து மணி உண்மையில் நாலு மணியாகிவிடும். இரவிலோ, பகலெல்லாம் வெயில் குடித்த தகரக் கூரை கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு முன்னதாகக் குளிர்ந்துவிடாது. வெக்கை தணியும் முன் பிள்ளை உறங்குவதெங்ஙனம்? ஆக, நித்திரை இரு முனையிலும் தேய்கிறது. மாலையில் அணைத்த விளக்கு விடியலில் எரிகிறது.

மின்சாரப் பஞ்சத்தை முன்னிட்டு 1996-இல் இலங்கை முள்ளை ஒரு மணி தள்ளியது. அதே ஆண்டு அரை மணியைத் திருப்பித் தந்து, மீதி அரை மணியையும் 2006-இல் விட்டுக்கொடுத்தது.

குடும்பங்களின் க்ஷேமமே நோக்கமாயின், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் தமக்கென ஒரு நேரம் வைத்துக்கொண்டதுபோல், தேவையான இடத்தில் வேலை நேரத்தை மாற்றுங்கள். பள்ளி மணியைத் தள்ளி அடியுங்கள். எங்கள் சந்துக்கு வேண்டுவது ஒன்றே: முள்ளைத் தொடாமல், தண்ணீர் திறக்கும் வேளையை விடிந்தபின் வையுங்கள்.