எம்டனின் முதல் அதிகாரி

அடுகோடியில் எங்கள் தெருவில் இன்றும் முரட்டுக் கிழவரை ‘எம்டன்’ என்றுதான் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டுகளும் உயர் நீதிமன்ற மதில் கல்வெட்டும் நமக்குத் தெரியும். கப்பலின் முதல் அதிகாரி ஹெல்முத் ஃபோன் முய்க்கேயைத்தான் தெரியாது.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்க 50 பேருடன் இறங்கினார் அவர். அதற்குள் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து எம்டனை முடித்துவிட்டது. தீவில் கிடந்த ‘ஆயிஷா’ என்ற 97 டன் பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டார். கந்தல் பாய்கள்; தொட்டித் தண்ணீரோ கெட்டுப்போனது. மழையைப் பிடித்துக் குடித்தபடியே சுமத்ரா சேர்ந்தார்கள். பிறகு ஏமன், அரேபியப் பாலைவனம். 1915 மே மாதம் கான்ஸ்டான்டினோபிள்.

என்னை அதைவிட ஈர்ப்பது அவரது பிற்காலம். நாஜிக் கட்சியில் சேர்ந்து வெளியேறியவர், போரை எதிர்த்து எழுதி அந்த ஆட்சியிலேயே சிறைப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி மறுபடி ஆயுதம் ஏந்துவதையும் எதிர்த்தார். 1957இல் காலமானார். போரை எதிர்த்த அந்தத் துணிச்சல், அவரது கடற்பயணத்தைவிடப் பெரிது.

பிள்ளைகளுக்கு எம்டன் கதை சொல்பவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.