அடைப்புக்குறி நீங்கிய பெயர்

தக்காளி ஊசிப்புழு பற்றி இம்முறை மூன்று கட்டுரைகள் வந்தன. ஒன்றில் டூட்டா அப்சொலூட்டா, அடுத்ததில் ஃப்தோரிமேயா அப்சொலூட்டா. மூன்றாவதிலோ தலைப்பில் ஒரு பெயர், அட்டவணையில் மற்றொன்று.

இனி நம் இதழில் ஃப்தோரிமேயாதான். பெரு நாட்டின் ஹுவான்காயோவில் பிடிபட்ட பூச்சியை வைத்து 1917இல் மெய்ரிக் விவரித்தபோது சேர்த்த பேரினமும் அதுவே. பிறகு க்னோரிமோஸ்கீமா, ஸ்க்ரோபிபால்புலா என்று வீடு மாறி மாறி, 1994இல் போவோல்னி டூட்டாவில் குடிவைத்தார். 2014இல் இந்தியாவில் முதலில் தென்பட்டபோது நாம் அறிந்தது அந்தப் பெயரைத்தான். 2021இல் சாங், மெட்ஸ் இருவரும் உடலமைப்புப் பண்புகளைக் கொண்டு உறவுமுறையை ஆராய்ந்து, பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியான ஃப்தோரிமேயா ஓபர்குலெல்லாவும் இப்போது அதே வீட்டில். ஐரோப்பியப் பயிர்ப் பாதுகாப்பு அமைப்பின் குறியீட்டில் மட்டும் க்னோரிமோஸ்கீமாவின் முதலெழுத்துகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன!

ஒரு சிற்றினம் முதலில் சேர்த்த பேரினத்தை விட்டு வெளியே இருக்கும்வரைதான் விவரித்தவர் பெயருக்கு அடைப்புக்குறி. ஆகவே இனி மெய்ரிக், 1917 என்று வெறுமனே எழுதுங்கள். என் சிவப்பு மை பெரும்பாலும் இதற்கே செலவாகிறது.

பெயரைவிட அடையாளம்தான் எனக்குப் பெரிய கவலை. இனக்கவர்ச்சிப் பொறியின் ஒட்டு அட்டையில் செதில் உதிர்ந்து கிடக்கும் ஆறேழு மில்லிமீட்டர் சாம்பல் பூச்சியைப் படமெடுத்து, ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். மேல்நோக்கி வளைந்த உதட்டுணரி, வெளிர்நிறமும் கருநிறமும் மாறி மாறி வரும் உணர்கொம்பு, முன்னிறகில் கரும்புள்ளிகள்: இவை ஜெலிகியிடே குடும்பத்தில் இன்னும் பலவற்றுக்கும் உண்டு. வயிற்றுப் பகுதியைக் காரக் கரைசலில் ஊறவைத்து, பிறப்புறுப்பைப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது.

புழு கொஞ்சம் தயவு காட்டும். தலைக்குப் பின்னுள்ள முன்மார்புத் தகட்டைப் பாருங்கள். ஊசிப்புழுவுக்கு அதில் சரிவாக ஓடும் மெல்லிய கரும்பட்டை மட்டுமே. ஓபர்குலெல்லாவுக்குத் தகடு முழுவதும் கருமை. உருளையும் தக்காளியும் அடுத்தடுத்த வயல்களில் நிற்கும் ஊர்களில் இதைப் பார்க்காமல் எண்ணிக்கை எடுப்பது வீண் வேலை.

வயலில் ‘டூட்டா’ என்ற பேச்சு மாறாது, மாறவும் வேண்டாம். கட்டுரையில் பழைய பெயரை ஒருமுறை குறிப்பிட்டால் போதும். ஆனால் எந்த உறுப்பைப் பார்த்து இனம் கண்டீர்கள், அந்த மாதிரி எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று செய்முறைப் பகுதியில் ஒரு வரி வேண்டும். அது இல்லாத கட்டுரைகள் அடுத்த இதழ் முதல் மதிப்பாய்வுக்குப் போகா.