'பொன்னியின் செல்வன்' முடிச்சாச்சு... அப்புறம் ஏன் இந்த வெறுமை?

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் காலை நேரத்தில் ஏறிப் பாருங்கள். ரீல்ஸ் ஓடும் பத்து போன்களுக்கு நடுவே ஒன்றில் எழுத்து மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். அவர் கிண்டியில் இறங்க வேண்டியவர், மாம்பலத்தில் இறங்குவார். பெரும்பாலும் அது 'பொன்னியின் செல்வன்'தான்.

ஐந்து பாகங்கள், மொத்தம் 293 அத்தியாயங்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று வைத்தால் 147 வேலை நாள். அதாவது, கிட்டத்தட்ட ஏழு மாதம். அத்தனை நாள் ஒருவரோடு பயணம் செய்துவிட்டு, ஒரு சாயங்காலம் குரோம்பேட்டை தாண்டும்போது கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் அதே சீட், அதே போன். ஆனால் கூட வர வந்தியத்தேவன் இல்லை.

அந்த வெறுமையோடு ஒரு எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். 'என்னங்க, பொசுக்குன்னு முடிச்சுட்டாரே?' ஐந்தாம் பாகம் படித்த பாதிப் பேர் சொல்வது இது. பலருக்கும் தெரியாத விஷயம், இந்தப் புகாருக்கு வயது 70-க்கு மேல். 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த தொடர் இது. மூன்றரை வருஷம் காத்திருந்து படித்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். அவர்களுக்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதினார். வாசகர்கள் கேட்ட 'அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்' கேள்விகளை வரிசையாக எடுத்துப் பதிலும் சொன்னார். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அது இருக்கிறது. நன்றியுரை போல இருக்கும் என்று நினைத்து அதைத் தாண்டிவிடுகிறவர்கள் அதிகம். தாண்டக் கூடாது.

சரி, கல்கி உண்மையிலேயே அவசரப்பட்டாரா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 'தியாக சிகரம்' என்ற ஐந்தாம் பாகத்துக்கு மட்டும் 91 அத்தியாயங்கள். முந்தைய நான்கில் எதுவும் 57-ஐத் தாண்டவில்லை. பிரச்சினை நீளத்தில் இல்லை, நம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. பெயர் பொன்னியின் செல்வன் என்பதால் ராஜராஜன் பட்டம் சூடுவான், பெரிய கோயில் எழும்பும் என்று காத்திருக்கிறோம். ஆனால் ராஜராஜன் அரியணை ஏறியது 985-ல். கதை அதற்குச் சுமார் 15 வருஷம் முன்பே நின்றுவிடுகிறது. கைக்கு வந்த மகுடத்தை இன்னொருவர் தலையில் வைக்கிற ஒருவனின் கதை இது. அந்த இடத்துக்கு மேல் இழுத்திருந்தால் அது வேறு நாவலாகியிருக்கும்.

'படம்தான் பார்த்தாச்சே, ஐந்தாம் பாகம் எதுக்கு?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 30-ல் முதல் படம், 2023 ஏப்ரல் 28-ல் இரண்டாம் படம். இரண்டும் பார்த்தவர்களுக்கும் நாவலின் முடிவு தெரியாது. (இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

படத்தில் முடிசூடும் மதுராந்தகர் வேறு, நாவலில் முடிசூடுபவர் வேறு. அதைவிடப் பெரிய குறை, படத்தில் மணிமேகலையே கிடையாது. கடம்பூர் மாளிகையில் நடந்த கொலைக்கான பழியை வந்தியத்தேவனுக்காகத் தன் மேல் போட்டுக்கொண்ட பெண் அவள். கல்கி நினைத்திருந்தால் பட்டாபிஷேகத்தோடு ஜோராக முடித்திருக்கலாம். ஜனரஞ்சகத் தொடருக்கு அதுதான் பத்திரமான வழி. ஆனால் கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறாள். மகுடத்தைக் கொடுத்தவனின் தியாகம் ஊருக்கே தெரியும், இவளுடையது யாருக்கும் தெரியாது. ரயிலில் படிக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்வது இங்கேதான்.

முடிவு பிடிக்கிறதோ இல்லையோ, முடிந்தது என்பதே ஒரு கொடுப்பினை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் வாசகர்களைக் கேளுங்கள். ஐந்தாம் புத்தகம் 2011-ல் வந்தது, ஆறாவதற்கு இன்னும் காத்திருக்கிறார்கள். 'வீல் ஆஃப் டைம்' எழுதிய ராபர்ட் ஜோர்டான் 2007-ல் இறந்துபோக, பிராண்டன் சாண்டர்சன்தான் அந்தத் தொடரை முடித்தார். கடைசிப் புத்தகம் வந்தது 2013-ல். தமிழிலும் இது நடக்கவிருந்தது. பொன்னியின் செல்வன் முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, 1954 டிசம்பர் 5-ல் கல்கி காலமானார். பாதியில் நின்ற 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்திதான் முடித்தார். தொடரை இன்னும் ஒரு வருஷம் ஓட்டச் சொன்னவர்களின் பேச்சை அவர் கேட்டிருந்தால்?

அடுத்து என்ன படிப்பது என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி' கதையைத் தொடர்கிறது. பாலகுமாரனின் 'உடையார்' பெரிய கோயில் கட்டும் காலத்துக்கே கூட்டிப்போகிறது. இரண்டுமே படிக்க வேண்டியவைதான், ஆனால் உடனே வேண்டாம். வேறொருவர் எழுதும் வந்தியத்தேவனை முதல் வாரத்திலேயே சந்தித்தால், அவர் எப்படி இருந்தாலும் 'இது நம்ம ஆள் இல்லையே' என்றுதான் தோன்றும். பாவம், அந்த எழுத்தாளர் மேல் தப்பில்லை.

அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை காலை சோழன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். தாம்பரத்தில் நிற்கும். சிதம்பரத்தில் இறங்கி பஸ் ஏறினால் சுமார் 25 கிலோமீட்டரில் காட்டுமன்னார்கோவில். பக்கத்தில், ஆடிப்பெருக்கு அன்று கதை தொடங்குகிற வீராணம் ஏரி. சென்னைக்குக் குழாயில் குடிநீர் வருவதும் இதே ஏரியிலிருந்துதான். ஊருக்குள் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. ஆமாம், அதே ரவிதாசன். ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்பது அந்தக் கல்லில் இல்லை.