உடலுக்குள் ஒரு முத்திரை

மனிதனுடைய சரீரத்துக்குள் மைக்ரோசிப் என்னும் சிறு சில்லைப் பதித்துவைக்கும் வழக்கம் அந்நிய தேசங்களில் தலைகாட்டிச் சில காலமாகிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். சென்னை மாநகராட்சி 2025ஆம் வருஷத்தில் வளர்ப்பு நாய்களுக்குக் கட்டாயமாக்கிய காரியத்தை மனிதனுக்குச் செய்வார் உண்டா என்று ஒரு கட்சியார் நகைக்கிறார்கள். தடுப்பூசி மருந்திலேயே கலந்து முன்னமே நம் உடம்பில் ஏற்றிவிட்டார்கள் என்று மற்றொரு கட்சியார் அஞ்சுகிறார்கள். நகைப்பவர் விஷயத்தை அறியார். அஞ்சுகிறவரோ அஞ்ச வேண்டிய இடத்தை விட்டுவிட்டார் என்பது நமது அபிப்பிராயம்.

சில்லின் தன்மையை முதலில் அறிவோம். அது ஓர் அரிசி மணியளவான கண்ணாடிக் குப்பி. அதற்குள் மின்கலம் கிடையாது. அதைப் படிக்கும் கருவியைச் சில விரற்கடை தூரத்தில் கொண்டுவந்தால், அக்கருவியின் அலையினாலேயே உயிர்பெற்றுத் தன்னிடமுள்ள எண்ணைச் சொல்லும்; அகன்றால் மௌனமாகும். ஆகாயத்திலிருந்து ஒருவனைப் பின்தொடர அதனால் இயலாது. கொரோனாத் தடுப்பூசிக்குள் சில்லிருந்தது என்பது முழுப் பொய். 2016ஆம் வருஷம் புதிதாக வந்த 2,000 ரூபாய் நோட்டிலும் சில்லிருப்பதாகச் சொன்னார்கள். சில்லு யார் கண்ணிலும் படவில்லை. நோட்டுத்தான் 2023இல் புழக்கத்தினின்று வாபஸாயிற்று!

ஆயினும் இத்தகைய வதந்திகளை நம்பும் ஜனங்களை மூடர் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பிறருடைய உடம்பின்மேல் அதிகாரம் தன் அடையாளத்தை இட்ட கதை நம் நாட்டில் பழையது. சோழர் காலத்துக் கோயில்களில் தேவரடியார் உடம்பில் சூலக்குறி பொறித்ததைக் கல்வெட்டுக்களே சொல்லுகின்றன; இந்தப் பழியை வெள்ளையர்மேல் மட்டும் போட முடியாது. கம்பெனி ஆட்சியார் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்ற விவரத்தைப் பச்சை குத்திவைத்தார்கள். அவ்வழக்கம் 1849ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் ஒழிந்தது. பின்னர், 1911இல் சென்னை ராஜதானிக்கு நீட்டப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் நெற்றியை விட்டு விரலைப் பற்றியது. பிறந்த ஜாதிக்காகவே ஏழைகளிடம் ரேகை வாங்கினார்கள். இடம்விட்டு இடம் போகத் தடுத்தார்கள். பழைய தென்னாற்காடு ஜில்லாவிலேயே அஜீஸ் நகரில் இவர்களை அடைத்துவைக்கும் குடியிருப்பு இருந்தது. ரேகை கொடுக்க மறுத்ததற்காக 1920ஆம் வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி மதுரை ஜில்லாப் பெருங்காமநல்லூரில் 16 பேர் உயிர் துறந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் பிறந்ததும் இந்தக் காரணத்தினாலேதான். டிரான்ஸ்வால் சர்க்கார் 1906ஆம் வருஷத்தில் இந்தியர் யாவரும் விரல் ரேகையிட்டுப் பதிவுச்சீட்டு வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் கொண்டுவந்தார்கள். 1908 ஆகஸ்டில் ஜோஹான்னஸ்பர்க் நகரில் அச்சீட்டுக்களை மலைபோலக் குவித்துக் கொளுத்தினர். நாகப்பன் என்னும் தமிழ் இளைஞர் இப்போரில் சிறைபுகுந்து 1909இல் மாண்டார். சீட்டைக் கொளுத்த முடிந்தது. தோலுக்குள் இருப்பதை எப்படிக் கொளுத்துவது?

யந்திரம் என்ற மாத்திரத்தில் வெறுப்பவர்களல்லர் நம்மவர். இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு நடமாடும் பெரியவர்கள் நம்மூர்களில் எத்தனையோ பேர். செவி கேளாக் குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தலைக்குள் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். பெற்றோர் கைகூப்பி ஏற்கிறார்கள். கடலில் திசை தவறினால் செய்தி சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியை விசைப்படகுகளில் பொருத்தியபோதும், உயிருக்குக் காவல் என்பது மீனவர்க்கு விளங்கியது. கருவி தமக்கு ஊழியம் செய்கிறதா, தம்மை மேய்க்கிறதா என்று கண்டுகொள்ள நம் ஜனங்களுக்கு ஒரு நாழிகை போதும்.

"விரும்புகிறவர் வைத்துக்கொள்ளட்டும், தடுப்பானேன்?" என்று கேட்பாருண்டு. ஸ்வீடனில் ஆயிரக்கணக்கானவர் விரும்பியே கையில் பதித்துக்கொண்டார்கள். ரயில் டிக்கட்டுக்குக்கூட அது 2017இல் உதவிற்று. அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் விருப்பம் என்பது ஏழையிடம் எத்தனை நாள் விருப்பமாக இருக்கும்? ஆதார் அட்டை தொடங்கியபோது இஷ்டமுள்ளவர்க்கு என்றுதான் சொன்னார்கள். வங்கிக் கணக்குக்கும் கைப்பேசிக்கும் அதைக் கட்டாயப்படுத்தலாகாதென்று 2018 செப்டம்பர் 26ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. சர்க்கார் மானியங்களுக்கு அது நிலைத்துவிட்டது. களை பறித்து ரேகை தேய்ந்த கிழவி ரேஷன் கடையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? கடலூர் சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவனிடம், "பதித்துக்கொண்டால் வேலை, உன் இஷ்டம்" என்று நாளை ஒரு முதலாளி சொன்னால், அது இஷ்டமா? அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஒரு கம்பெனி 2017இல் தன் ஊழியரில் ஏறக்குறைய 50 பேருக்குச் சில்லுப் பதித்தது. ஆனால் யாரையும் நிர்ப்பந்தித்துப் பதிக்கலாகாதென்று அம்மாகாணத்தார் 2006லேயே சட்டம் செய்துவைத்திருந்தார்கள். இந்தோனேஷியாவின் பாப்புவா மாகாணத்திலோ, எச்.ஐ.வி. நோயாளிகள் சிலருக்குச் சில்லுப் பதிக்கலாமென்ற யோசனையே சட்டசபை வரை சென்று, 2008இல் பலத்த கண்டனத்தின்மேல் கைவிடப்பட்டது. கட்டாயம் முதலில் யார் உடம்பைத் தேடிப் போகிறதென்பதைக் கவனியுங்கள்.

நம் தேசத்தில் 2017ஆம் வருஷத்துத் தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023இல் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. இவை தகவலைக் காப்பன. தோலைக் காப்பதற்குத் தனியாக ஒரு வரி வேண்டும். கடலூர், சிதம்பரம் தொகுதிகளின் அங்கத்தினர்கள் சென்னைச் சட்டசபையில் இதற்கு ஒரு மசோதா கொண்டுவரட்டும். வைத்தியக் காரணமின்றி எவருடைய உடலிலும் சில்லுப் பதிக்குமாறு சர்க்காரோ முதலாளியோ கேட்கக்கூடாது. வேலை, கூலி, ரேஷன், பள்ளிச் சேர்க்கை எதற்கும் அதை நிபந்தனையாக்கக்கூடாது. தானே விரும்பிப் பதித்துக்கொண்டவன் வேண்டாமென்று சொன்ன அன்றே, பதித்தவருடைய செலவில் அது எடுக்கப்பட வேண்டும்.